மூன்றாம் கூடத்துத் தலை

என் அக்கா கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு கல் தலைக்கு எதிரே உட்கார்ந்து சம்பளம் வாங்கினாள். இப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "காவல் வேலைன்னு சொல்லேன், வாய் வலிக்குதா?" என்பாள். சரி, சொல்லிவிடுகிறேன். அவள் அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்துக் காவலர்.

முதல் கூடத்தில் வாளும் கேடயமும். இரண்டாவதில் காசுகளும் பானைகளும். பள்ளிப் பிள்ளைகள் அந்த இரண்டிலும் ஓடியாடிக் களைத்த பிறகுதான் மூன்றாவதுக்கு வருவார்கள். அங்கே எல்லாம் உடைந்த சிற்பங்கள். ஒரு கை, பாதித் தாமரைப் பீடம், யாருடையதென்று தெரியாத இரண்டு பாதங்கள். நடுவில் இடுப்புயர மேடைமேல் ஒரு புத்தர் தலை. கழுத்தோடு உடைந்தது, மனிதத் தலையைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறக் கல். கண்கள் பாதி மூடியிருக்கும். தலை முழுக்கச் சின்னச் சின்னச் சுருள்கள். இடது காது முழுசாகத் தொங்கும். வலது காதுக்கு நுனி இல்லை. உடைந்த இடத்தில் கல்லுக்குள் ஓடும் ஒரு வெள்ளை ரேகை மட்டும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்துவாள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டிருந்தாள். நடக்கவில்லை.

"நாள் பூரா பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்ல. எதிர்ல அது ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டே முறைக்குது."

இந்தப் புலம்பல் எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் அப்பா இறந்த மறுவாரமே அவள் வேலைக்குப் போனது மட்டும் நினைவிருக்கிறது. லீவு இருந்தும் போனாள். வீட்டுக்கு வந்த சனமெல்லாம் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அப்படிப் போயிருக்கக் கூடாது, இந்த டாக்டரிடம் காட்டியிருக்கலாம் என்று. "அங்க போனா யாரும் ஒண்ணும் சொல்லலடி" என்றாள் அன்றைக்கு. அதற்குப் பிறகு தலை 'அது'வாக இருக்கவில்லை. 'நம்மாளு' ஆகிவிட்டது. நம்மாளு மேல தூசி, நம்மாளுக்கு மேல ஒழுகுது, நம்மாளை இன்னிக்கு ஒரு பையன் படம் வரைஞ்சான். வாரம் ஒருமுறை கூடம் மூடியிருக்கும் நாளில் மெத்தென்ற பிரஷ்ஷால் ஒவ்வொரு சுருளாகத் துடைப்பாள்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, எதிரெதிர்க் கண்ணாடி, எப்போதும் பாடும் ரேடியோ. ஒருமுறை அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவர் அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

"இந்தச் சுருளைப் போட்டவன் பொறுமைசாலிடி. ஒண்ணுகூடப் பிசகல. நான் ஒரு தலைக்கு இவ்வளவு நேரம் எடுத்தா அடுத்த ஆள் எழுந்து போயிடுவான்." பிறகு கழுத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "தலை இங்க இருக்கு. முண்டம் எங்க?" என்றார்.

"முண்டம்னு சொல்லாதீங்க."

"சரி, உடம்பு எங்க?"

அக்காவுக்குத் தெரியவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தது என்று பலகையில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் மாமா போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போன கேள்வி அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. நல்லது கெட்டதுக்குக் கூடும்போது, எல்லோரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில், "அந்த ஊர் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று என் காதில் கேட்பாள்.

அவள் ஓய்வு பெற்ற நாளில் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த பெரிய மேடம் நாலு நல்ல வார்த்தை பேசினார். அக்கா பதிலுக்குப் பேசத் தெரியாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். மறுநாள் காலை என் மருந்துக்கடைக்கு வந்து நின்றாள்.

"நாம மூணு பேரும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா? பழைய புத்தர் கோயில் எல்லாம்."

நாங்கள் அந்த மதத்துக்காரர்கள் இல்லை. கோயில் குளம் என்று அலைகிறவர்களும் இல்லை. மாமா சலூனைச் சேர்ந்தாற்போல் மூடியதே கிடையாது. "நான் வந்துட்டா ஊர்ல பாதிப் பேர் காடாட்டம் முடியோட திரிவானுங்க" என்றார்.

"திரியட்டும். நீங்க திரும்பி வந்ததும் உங்க அருமை தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் மாமா விழுந்துவிட்டார். நான் கடையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு காருக்கு ஏற்பாடு செய்தேன். டிரைவர் அந்தக் கோயில்களுக்கெல்லாம் பல தடவை ஆள் ஏற்றிப் போனவர். ஆனால் ஒன்றுக்குள்ளும் போனதில்லை. அவர் சொல்கிற வரலாறெல்லாம் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பற்றித்தான். "இது ரொம்பப் பழசுக்கா. நிழல் கிடையாது. அடுத்தது அதைவிடப் பழசு, ஆனா பெரிய மரம் இருக்கு."

முதலில் போனது ஒரு வெள்ளைத் தூபி. சின்னக் குன்று மேல் இன்னொரு குன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. சுற்றிலும் கல் வேலி. வேலி முழுக்க யானையும் கொடியும் வணங்கி நிற்கும் மனிதர்களும். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வலம் வந்துகொண்டிருந்தார்கள். நானும் மாமாவும் தூபியைப் பார்த்து நடந்தோம். அக்கா மட்டும் மற்றவர்கள் கைகளைப் பார்த்து நடந்தாள். ஒருவர் போட்டோவுக்காகக் கல் வேலியில் சாய்ந்தார்.

"சார், சாயாதீங்க" என்றாள் அக்கா.

அவர் பதறிப்போய் நிமிர்ந்து மன்னிப்புக் கேட்டார். அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்திருப்பார்.

"ரிட்டயர் ஆயிட்டே, ஞாபகம் இருக்கா?" என்றார் மாமா.

அடுத்தடுத்த இடங்களில் அவளைப் பிடித்து நிறுத்துவதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. அங்கெல்லாம் எல்லோரும் எல்லாவற்றையும் தொட்டார்கள். பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பீடத்தில் நெற்றியை வைத்தார்கள், கல்லின் மடியில் பூவைக் கொட்டினார்கள். "இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு கல்லுக்கு ஆகாது" என்று முனகிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் ஜனங்கள் தொட்டுத் தொட்டே ஒரு சிலையின் முழங்கால் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அங்கிருந்து கிளம்பிய பிறகு முனகல் குறைந்தது.

பிறகு ஒரு குகை. உள்ளே பாறையிலேயே செதுக்கிய சயன புத்தர், நீளமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெளிச்சம் கிடையாது. அங்கே இருந்த காவலர் டார்ச் அடித்துப் பாதத்திலிருந்து ஒவ்வொரு பாகமாகக் காட்டினார். பாதம், முழங்கால், பக்கவாட்டில் நீட்டிய கை, கடைசியில் முகம். டார்ச் அணைந்ததும் முகம் மட்டும் இருட்டில் இன்னும் மிதப்பதுபோல் இருந்தது. எனக்கு என்னவோ பேசத் தோன்றவில்லை. கூட வந்த ஜனங்கள் போனபிறகு அக்கா அந்தக் காவலரிடம், "நாள் பூரா இவர்கூட யார் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"உட்கார முக்காலி கொடுத்திருக்காங்களா?"

"கொடுத்தாங்க. ஒரு கால் ஆடுது."

அவ்வளவுதான், இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். முதுகுவலி, வௌவால் எச்சம், சின்ன அதிகாரிகளின் பெரிய அதட்டல், கல்லில் பெயர் கிறுக்குகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது. வெளியே டிரைவர் ஹார்ன் அடிக்கும்வரை பேச்சு ஓயவில்லை. "ஆரம்பத்துல பயமா இருந்துச்சுங்க" என்றார் அந்தக் காவலர். "இப்ப ஒருநாள் வரலேன்னா வீட்ல யாரையோ தனியா விட்டுட்டு வந்தாப்ல இருக்கு." அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எங்கள் குடும்பத்தில் ஒருத்தரிடம்கூட அவள் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

மாமாவுக்கும் அவருக்கேற்ற இடம் கிடைத்தது. ஒரு மடத்தில் வரிசையாக நடந்து போன துறவிகளின் மழித்த தலைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம தொழிலுக்கு ஆகாத ஊர்" என்றார். பின்கட்டில் அவர்களே ஒருவருக்கொருவர் மழித்துக்கொள்வதைப் பார்த்ததும், "ஆகாத ஊர் இல்ல, நம்மளை அண்டவிடாத ஊர்" என்று திருத்திக்கொண்டார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பலகை ஊர் கடைசியில் வந்தது.

"அங்க ஒண்ணுமே இல்லக்கா" என்றார் டிரைவர். "இடிஞ்ச செங்கல். மரமும் அவ்வளவா இல்ல."

"பரவாயில்ல, விடுங்க."

தார் ரோடு முடிந்த இடத்தில் இறக்கிவிட்டார். வயல் வரப்பில் நடந்து போனோம். ஒரு காலத்தில் பெரிய மடம் இருந்த இடம். இப்போது முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடித்தளங்கள் மட்டும், சதுரம் சதுரமாக. ஒவ்வொரு சதுரமும் ஒரு துறவி படுத்திருந்த அறையாம். ஒருவர் காலை நீட்டினால் சுவர் இடிக்கும். புல் முளைத்துக் கிடந்தது. தூர்ந்த கிணறு ஒன்று. இவற்றையெல்லாம் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே அவர் உட்கார்ந்திருந்தார்.

உடம்பு கல். சாம்பல் நிறம். மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைகள், தோளிலிருந்து நழுவி வரும் துணியின் மடிப்பு, எல்லாம் அவ்வளவு மென்மை. ஆனால் கழுத்துக்கு மேல் சிமெண்ட். பெயிண்ட் அடித்த முகம், கொழுகொழுவென்று கன்னம், கறுப்பாக வழித்துச் சீவிய தலை. கண்கள் நன்றாகத் திறந்து நம்மையே பார்த்தன. அடிக்கிற வெயிலில் தெருவில் வந்து நின்று யாரையோ விசாரிக்கிற முகம்போல் இருந்தது.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள்.

"யாருங்க இப்படிப் பண்ணினது?"

அந்தப் பெண் விளக்குமாற்றை நிறுத்தினாள். அவளுக்கு அக்கா வயதுதான் இருக்கும்.

"எங்க வீட்டுக்காரர்தான்."

மாமா சட்டென்று கொட்டகையின் தகரத்தை ஆராயத் தொடங்கினார். நான் குனிந்து, வெளியே கழற்றிவிட்டு வந்த செருப்பின் வாரைக் காலில் தேடிச் சரிசெய்தேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. வரப்புப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டாள். கைலி கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் வந்தார். முழங்கைவரை சிமெண்ட் காய்ந்திருந்தது. அந்த ஊர்க் கொத்தனார்.

"தலையைப் பத்திக் கேட்கிறாங்க" என்றாள் மனைவி.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்குத் தண்ணித் தொட்டி கட்டத்தான் தெரியும்மா. எங்க தாத்தா காலத்துலயே இவருக்குத் தலை இல்ல. ஊர்க்காரங்க பூ வைப்பாங்க, ஆனா எங்க பார்த்துக் கும்பிடுறதுன்னு தெரியாது. இவதான் சொல்லிக்கிட்டே இருந்தா, முகம் இல்லாதவர்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு. சரின்னு ஒரு மழைக்காலத்துல வேலை இல்லாதப்ப செஞ்சேன்."

"முகம் நல்லா மனுஷ முகமா இருக்கு" என்றார் மாமா, பேச்சை இனிப்பாக்கப் பார்த்து.

"மனுஷ முகம்தான். எங்க ஊர்த் தபால்காரர். புத்தர்னா கோபமே வராதவர்னு கேள்விப்பட்டிருக்கேன். எனக்குத் தெரிஞ்சு கோபம் வராத ஆள் அவர் ஒருத்தர்தான். மீசையை மட்டும் எடுத்துட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சதுலேர்ந்து இந்தப் பக்கமே வர்றதில்ல. வெட்கம். தபால் இருந்தா அந்த மூலையில நின்னு சைக்கிள் மணி அடிப்பார்."

அக்கா சிரித்துவிட்டாள். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. கொத்தனாரின் மனைவிக்கு அதில் சந்தோஷம். "தோள்ல பாருங்க" என்று காட்டினாள். "கிளி உட்கார்ந்திருக்கு. இது பழசு, ஆதியிலேர்ந்தே இருக்கு. பிள்ளைங்களுக்கு இவரைவிட அதைத்தான் பிடிக்கும்."

வலது தோளின் மேல் கல்லிலேயே ஒட்டி ஒரு சின்னப் புடைப்பு. விரல் நீளம் இருக்கும். கீழே கூர்ந்து, மேலே உடைந்திருந்தது. பார்க்கிற விதத்தில் பார்த்தால் அலகைத் தோளில் பதித்துக் குனிந்த கிளிதான்.

அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். கையை நீட்டி அதைத் தொட்டாள். கட்டை விரலால் உடைந்த இடத்தைத் தடவினாள். அப்படியே நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு மருந்துக்கடை புத்தி; பிரஷர் ஏறிவிட்டது என்று பையில் மாத்திரையைத் தேட ஆரம்பித்தேன்.

"மாத்திரை வேண்டாம். இங்க வா" என்றாள். "இந்த வெள்ளைக் கோடு தெரியுதா?"

உடைந்த பரப்பில் கல்லுக்குள் ஒரு வெள்ளை ரேகை சரிந்து ஓடியது.

"நம்மாளோட காதுடி இது."

நாங்கள் மூவரும் ஓரமாகப் போய் நின்றோம். மாமா தாழ்ந்த குரலில், "பேசாம கிளம்பு. சொல்லி என்ன ஆகப் போகுது? தலையை உன்னால கொண்டாந்து கொடுக்க முடியுமா? அவர் பாவம் ஆசையா செஞ்சு வெச்சிருக்கார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கா செங்கல் சுவரில் உட்கார்ந்து, கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் தலைகூட இருந்துட்டு, உடம்பைப் பார்த்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி எப்படிங்க போறது? இவங்களுக்குத்தானே அவர்."

எழுந்து போய்ச் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள். எங்கிருந்து வருகிறாள், என்ன வேலை பார்த்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். கொத்தனாரின் மனைவி போனை உடனே கையில் வாங்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பிறகு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். ஏன் எடுத்துப் போனீர்கள், எப்போது தருவீர்கள் என்று கேட்பாள் என நான் பயந்துகொண்டிருந்தேன்.

"நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

அக்கா அவள் பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டாள். "நல்லா இருக்கார். மழை படாது. வெயில் படாது. பிள்ளைங்க தினம் வராங்க. இத்தனை வருஷமும் நான்தான் துடைச்சு விட்டேன்."

கொத்தனார் படத்தையும் தோளையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப அது காதா?" என்று மட்டும் கேட்டார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லி வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வழி நெடுக அக்காவுக்கு அந்தக் கொத்தனார் நினைப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்புத்தான். "நான் அவர் ஆசையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்டி. இனிமே அந்த முகத்தைப் பார்க்கிறப்பல்லாம் அவருக்கு இந்த முகம் ஞாபகம் வரும். நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்." மாமா, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவைத் திருகப் போய்விட்டார். அந்த மனிதரை நான் அதற்காகவே மதிக்கிறேன்.

அக்கா பெரிய மேடத்திடமும் போய்ச் சொன்னாள். மேடம் நல்ல மனுஷி. உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். "கல் ஒண்ணுதானான்னு பார்க்கணும்மா, அளவெடுக்கணும். மேல எழுதிக் கேட்கிறேன்" என்றார். எழுதினார். மேலே இருந்தவர்கள் அவசரப்படவில்லை. மாதங்கள் ஓடின.

ஒருநாள் முற்பகல் அருங்காட்சியகத்திலிருந்து அக்காவுக்குப் போன். மூன்றாம் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த காவலர். "அக்கா, ஒரு பஸ் நிறைய ஆளுங்க வந்திருக்காங்க. எல்லாரும் கூடத்து வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டாங்க. கையில பூ வெச்சிருக்காங்க. உங்க பேரைச் சொல்றாங்க. நான் என்ன பண்றது?"

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். கூடத்து வாசலில் செருப்புக் குவியல். உள்ளே அந்த ஊர் மொத்தமும் தரையில் உட்கார்ந்திருந்தது. பெண்கள், ஆண்கள், இடுப்பில் குழந்தைகள். ஒருவரும் பேசவில்லை. எனக்குப் பழகிய கூடம்தான் அது. ஆனால் டார்ச் அணைந்த குகைக்குள் நின்றபோது இருந்த அமைதி அங்கே இருந்தது. பூ வைக்கக் கூடாது என்பது விதி. புதுக் காவலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா ஒரு செய்தித்தாளை வாங்கி மேடையிலிருந்து தள்ளித் தரையில் விரித்தாள். "இதுல வைங்கம்மா. அவர் பார்வையிலதான் இருக்கும்." எல்லோரும் அதில் வைத்தார்கள். மாடியிலிருந்து மேடம் வந்தார். சற்றுநேரம் பார்த்துவிட்டு, வேறு ஆட்களைக் கொஞ்சநேரம் அடுத்த கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்.

கொத்தனார் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. அவர் பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒரு வயதானவர். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்து, பிறகு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தபால்காரர்.

அவர் தலையைப் பார்த்துவிட்டுக் கொத்தனாரிடம் முணுமுணுத்தார். "இவருக்குப் பதிலாவா நான் இத்தனை நாள் நின்னேன்?"

"நிக்கலைங்க. உட்கார்ந்தீங்க."

கூட்டம் எழுந்து ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. கொத்தனார் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அக்கா மெல்ல அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன்."

"கஷ்டம்தான்" என்றார் அவர். "ரெண்டு மாசம் அந்தப் பக்கம் போகல. என்னடா நாம எதையோ பண்ணி வெச்சிருக்கோமேன்னு. அப்புறம் இவ சொன்னா, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், படத்தைப் பார்த்து மனசு கெடுறதுக்கு நேர்ல பார்த்துடலாம்னு. ஊர்ல சொன்னா, நானும் வர்றேன் நானும் வர்றேன்னு பஸ்ஸே நிறைஞ்சு போச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

அவர் மேடைமேல் இருந்த தலையை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் கண்ணை மூடிக்கிட்டு உள்ள பார்க்கிறார். நம்மளைக் கவனிக்கல. ஆனா பக்கத்துல இருந்தா நமக்கும் உள்ள அடங்குது. நான் செஞ்சவர் கண்ணைத் திறந்து, யாருப்பா வர்றதுன்னு பார்க்கிறார். ரெண்டும் வேணும்போல இருக்கும்மா. நான் செஞ்சவர் காதை மட்டும் நீட்டி அந்தக் கல்லோட ஒட்டிடலாம்னு, இவர் காதை அளக்க டேப்பெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தேன். ஒட்டினா கிளி போயிடும். பிள்ளைங்க என்னை விடாது. அது அப்படியே இருக்கட்டும்."

டேப்பை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மதியம் எல்லோரும் தோட்டத்துப் புல்லில் உட்கார்ந்து கட்டி வந்த சாப்பாட்டைப் பிரித்தார்கள். மாமா சலூனை அடைத்துவிட்டு வந்து சேர்ந்தார். மேடமும் வந்து கையில் தட்டோடு புல்லில் உட்கார்ந்ததைப் பார்த்துப் புதுக் காவலர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அதன் பிறகு மேடம் நேரில் போய் அளவெடுத்தார். கல் ஒன்றுதான் என்று தெரிந்தது. தலை அங்கே போவதா, உடம்பு இங்கே வருவதா, ஒன்றும் வேண்டாமா என்று மேலே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவைக் கேட்டால் ஒருநாள், "அவர் வீட்டுக்குப் போகணும்டி, அதான் நியாயம்" என்பாள். இன்னொரு நாள், "போனா அந்தத் தபால்காரர் முகம் எங்க போகும்?" என்பாள். அவளுக்கே தெரியவில்லை; தெரியாது என்று சொல்ல அவள் கூச்சப்படுவதும் இல்லை. மூன்றாம் கூடத்தில் இப்போது வருஷம் ஒருமுறை செருப்புக் குவிகிறது. புதுக் காவலர் அன்றைக்குச் செய்தித்தாளை அவரே வாங்கி வைத்துவிடுகிறார்.

அக்காவுக்குச் சுற்றிப் பார்க்கிற ருசி ஒட்டிக்கொண்டது. இன்னும் பார்க்காத தூபி, இன்னும் நுழையாத குகை என்று தேடித் தேடி மாமாவோடு போகிறாள். குகைக் காவலருக்கு ஆடாத முக்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கே போனாலும் திரும்பும் வழியில் அந்தக் கொட்டகைக்கு ஒரு நடை. மாமா இப்போது கத்தரிப் பெட்டியோடுதான் கிளம்புகிறார். துறவிகள் படுத்திருந்த சதுரங்களில் ஒன்றில் ஒரு பலகையைப் போட்டுவிட்டால் ஊரே வரிசையில் நிற்கிறது.

போன தடவை நானும் போயிருந்தேன். பலகையில் தபால்காரர். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கண்ணை மூடிக்கொண்டு, கத்தரிச் சத்தத்தில் பாதித் தூக்கம். மாமா அவர் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, "மீசையை என்ன பண்ணட்டும்?" என்றார்.

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"இருக்கட்டும்ப்பா. நான் வேற, அவர் வேறன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"